கிணற்றில் இறக்கிய அச்சு

மண்ணெண்ணெய்க்குள் பொறி பறந்துகொண்டிருந்தது. பீர் மைதீன் முக்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொட்டியின் அடியில் இரும்புக் கட்டி கிடந்தது. அதன்மேல் மயிரிழை இடைவெளி விட்டுச் செம்புக்கட்டை தொங்கியது. இரண்டுக்கும் நடுவே நீலநீலமாகப் பொறி தெறித்து, தெறித்த இடத்தில் இரும்பு அரிபட்டுக் கரியாகி மேலே மிதந்து வந்தது. சடசட என்ற சத்தம் ஒரு நிமிஷமும் ஓயவில்லை.

மண்ணெண்ணெய் மட்டம் செம்புக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டும். குறைந்தால் தொட்டியே பற்றிக்கொள்ளும் என்று மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் கண்ணை எடுக்க வழியில்லை. ஒதுங்கப் போவதென்றாலும் மிஷினை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எழுபத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயில் தகரக் கூரையில் இறங்கி, அங்கிருந்து அவர் தலையில் இறங்கியது.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் இருந்த பட்டறை அது. முதலாளி திம்மையா தறிக்காரக் குடும்பம். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ். ஊடைநூல் சுற்றுகிற தார்க்குச்சியைப் பிளாஸ்டிக்கில் ஊற்றி விற்கலாம் என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் தொடங்கினார். குச்சி ஊற்றுவதற்கு இரும்பில் அச்சு வேண்டும். அச்சு வெட்டுவது லிங்கம். அளந்து சொல்வது பீர் மைதீன். ஓர் அச்சின் ஒரு பாதியை உளியாலும் அரத்தாலும் வெட்டி முடிக்க லிங்கத்துக்கு இருபத்திரண்டு நாள் பிடிக்கும். இந்த ஸ்பார்க் மிஷின் அதை ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடும் என்றார்கள்.

மிஷின் வந்து இறங்கிய அன்று திம்மையா இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எட்டு நாளு சும்மா ஓட்டிப் பாருங்கன்னு விட்டுட்டுப் போறாக. பாய், நீங்கதான் பாத்துச் சொல்லணும். உங்க அளவத்தான் நான் நம்புவேன். கடைசி நாளு நெசமான அச்சு ஒண்ணு போட்டுப் பாப்போம். ரெண்டு கோட்டுக்குள்ள வந்தா எடுத்துக்கிருவோம். வரலையா, வந்த லாரியிலயே ஏத்திவிட்டுருவோம்."

ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் ஒரு கோடு. மைக்ரோமீட்டரில் அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் பட்டறையில் பீர் மைதீன் ஒருவர்தான். மூன்று கோடு தப்பினால் குச்சி நூல் சுற்றும் கதிரில் உட்காராது. தறிக்காரர்கள் மூட்டையோடு கொண்டுவந்து வாசலில் கொட்டிவிடுவார்கள்.

திம்மையா வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "மிஷினு தேறிருச்சுன்னா அச்சுக்கு ஒரு ஆளு போதும். இப்பவே சொல்லிப்புடுறேன். பின்னால யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. லிங்கத்தின் பக்கம் திரும்பவும் இல்லை. லிங்கம் கையிலிருந்த அரத்தைத் தட்டித் தூசியை உதிர்த்துக்கொண்டே தன் மேஜைக்குப் போய்விட்டான்.

பீர் மைதீனின் மனைவி பல்கீஸ் மஞ்சள்காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த மாதத்திலிருந்து மதியச் சோறு லிங்கத்தின் வீட்டிலிருந்துதான் வந்தது. லிங்கத்தின் மனைவி ராமலட்சுமி அடுக்குச் சட்டியில் கட்டி அனுப்புவாள். மேல் அடுக்கு லிங்கத்துக்கு, கீழ் அடுக்கு பாய்க்கு. கீழ் அடுக்கில்தான் துவையல் கூடுதலாக இருக்கும். "எம் பொண்டாட்டி ஒமக்குத்தான் மாமா ஆக்கி அனுப்புறா, மிச்சத்தத்தான் நான் திங்கிறேன்" என்று லிங்கம் தினமும் ஒரு தடவை சொல்லாமல் இருக்க மாட்டான்.

மிஷின் வந்த மறுநாள் லிங்கம் ஒற்றைத் தூக்குவாளியோடு வந்தான். மதியம் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் கிணற்றடி வேம்புக்குப் போய், பட்டறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான். பீர் மைதீன் மிஷினை அணைத்துவிட்டு வாசல் கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டார். பன்னைப் பிய்த்து வாயில் போட்டு, டீயை ஊற்றி இறக்கினார்.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் லிங்கத்தின் மேஜைக்குப் போனார்.

"ஏலே மாப்ள, நானாலே கேட்டேன் இந்த வேலைய? முதலாளி சொன்னா நான் என்ன செய்ய?"

லிங்கம் அரத்தை நிறுத்தவில்லை. "அளவெடுங்க பாய். நமக்கு என்ன."

பதினாலு வருஷமாக அவன் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டான். பாய் என்று கூப்பிடுவது முதலாளியும் வெளியாட்களும்தான். பீர் மைதீன் தொட்டிக்குத் திரும்பி வந்தார். குச்சி ஊற்றும் பக்கம் வேலை பார்த்த பெண்கள்கூட அதற்குப் பிறகு அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். லிங்கத்தின் வேலை அவர் வாயில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊருக்குப் போனாலும் இதே கதிதான். அவர் பரளச்சியில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அந்தச் சமயம் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ரேஷன் கடையில் ரெண்டு மாதமாகக் கார்டுக்கு ஊற்றவில்லை; சரக்கு வரவில்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மிஷின் தொட்டிக்கு மட்டும் நூற்றைம்பது லிட்டர் எப்படியோ பீப்பாயில் வந்தது. தொட்டிக்குள் கையை விட்டு விட்டு எடுத்ததில் அவர் சட்டை, வேட்டி, தலைமுடி எல்லாம் மண்ணெண்ணெய் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

"பாய், எந்தக் கடையில ஊத்துறாக?" என்று பஸ்ஸில் பக்கத்து ஆள் காதோடு கேட்டான்.

"கடையில இல்லப்பா. பட்டறை வேலை."

"சரி சரி, சொல்ல மாட்டீக" என்று அவன் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த வீட்டுக் கங்கம்மாள் காலி பாட்டிலோடு வந்து நின்றாள். "அரைப் பாட்டிலு குடுங்க பாய். மருமக மாசமா இருக்கா. இருட்டுல எங்கயாச்சும் முட்டிக்கிருவாளோன்னு பயமா இருக்கு."

"அல்லா மேல சத்தியமா எங்கிட்ட இல்ல தாயி. மிஷினுக்கு ஊத்துற எண்ணெ. நான் கொண்டுவர முடியுமா?"

மண்ணெண்ணெயை மிஷின் குடிக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கங்கம்மாள் அவர் சட்டையைப் பார்த்தாள். "சரி பாய், இருக்கட்டும்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவர் வாசலில் உட்கார்ந்து பேசவில்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறப்பார், கஞ்சி வைப்பார், குடிப்பார். ஒரு நாள் பூராவும் ஒரு வார்த்தை பேசாமலே கழிந்துவிட்டது என்பது படுக்கும்போதுதான் உறைக்கும்.

மிஷினின் சூட்சுமம் அவருக்கு ஐந்தாம் நாளே பிடிபட்டுவிட்டது. செம்பு எவ்வளவு தேய்கிறது, பொறி பக்கவாட்டில் எவ்வளவு கூடுதலாக அரிக்கிறது, அதற்குச் செம்பை எவ்வளவு சிறிதாகக் கடைய வேண்டும் என்பதையெல்லாம் பழைய இரும்புத் துண்டுகளில் ஓட்டிப் பார்த்துத் தாளில் எழுதினார். நல்ல மிஷின்தான். குறை இருந்தால் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

எட்டாம் நாள், நிஜ அச்சு. குச்சியின் நீளம் நூற்றெண்பது மில்லி. காலை ஆறு மணிக்கு ஓட்டி, மூன்று மணிக்குக் கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும். மின்வெட்டு அப்போது மணி அடித்த மாதிரி வரும். ரெண்டே முக்காலுக்குச் செம்புக்கட்டை தன் அளவுக்கு இறங்கி நின்றது. கம்பெனி ஆள் அருஞ்சுனை கோயம்புத்தூரிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மிஷினை விற்பதுதான் அவர் வேலை. ஓட்டுவதற்குத் தனி ஆள்.

"எடுத்துறலாமா பாய்?" என்றார் திம்மையா. லிங்கத்தை அவர் கண் தேடியது. "அவன் எங்க?"

"ரேஷன் கடைக்குப் போறேன்னு கார்ட எடுத்துட்டுப் போனான் முதலாளி. இன்னைக்கி ஊத்துறாகளாம்" என்று ஒரு பெண் சொன்னாள்.

உண்மை என்னவென்றால் லிங்கம் அந்த நேரத்தில் அங்கே நிற்க விரும்பவில்லை. இது பீர் மைதீனுக்குப் புரிந்தது.

அவர் தொட்டிக்குள் கையை விட்டு இரும்புக் கட்டியைத் தூக்கினார். ஒன்பது மணி நேரம் பொறி பட்ட எண்ணெய் கை பொறுக்கிற சூட்டில் இருந்தது. கட்டியும் அதே சூட்டில் இருந்தது; பழந்துணி சுற்றிப் பிடித்து மேஜையில் வைத்தார். பொறி அரித்துக் குழித்திருந்த கிடங்கைத் துடைத்தார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பிளானல் துணியில் சுற்றி வைத்திருந்த மைக்ரோமீட்டரை எடுத்தார். அது குளுகுளுவென்று இருந்தது.

அங்கேதான் அவர் கை நின்றது.

பட்டறை தொடங்கிய புதிதில் காலையில் பொருந்திய அச்சு மதியம் பொருந்தாமல் போய்ப் பேய்தான் பிடித்துவிட்டது என்று லிங்கமும் அவரும் ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். வெயிலில் இரும்பு வீங்குகிறது என்று கண்டுபிடித்தது பீர் மைதீன். அதற்கு வழி கண்டுபிடித்தது லிங்கம். கொல்லைக் கிணறு வற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஐம்பதடி ஆழம், அடியில் சித்திரையிலும் குளிரும். முடிந்த வேலையையும் மைக்ரோமீட்டரையும் சேர்த்துச் சுற்றி வாளியில் வைத்துச் சாயங்காலம் இறக்கிவிடுவான் லிங்கம். ராத்திரி பூராவும் இரண்டும் ஒரே குளிர்ச்சியில் கிடக்கும். காலையில் தூக்கி, கிணற்றடியிலேயே அளந்துவிடுவார் பீர் மைதீன். கிணற்றுக்குப் போகாத அளவை அவர்கள் அளவாகவே எடுத்துக்கொண்டது இல்லை. திம்மையா வாளி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். திருட்டுப் பயத்துக்கு ஒளித்து வைக்கிறான்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், பாக்குறீக? அளங்க."

பீர் மைதீன் மைக்ரோமீட்டரைக் கிடங்குக்குள் இறக்கித் திருகினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரும்ப ஒரு தடவை அளந்தார்.

"நாலு கோடு கூட இருக்கு முதலாளி."

அவர் பொய் சொல்லவில்லை. நாலு கோடுதான் காட்டியது. சூட்டோடு அளந்தால் அப்படித்தான் காட்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அருஞ்சுனை எழுந்து வந்தார். "நாலு எப்படிய்யா வரும்? எங்க போனாலும் ஒன்னுக்கு மேல வந்ததே இல்ல."

"எனக்குத் தெரியாது. இது காட்டுறதத்தான் நான் சொல்றேன்" என்றார் பீர் மைதீன்.

திம்மையாவின் முகம் தொங்கிவிட்டது. மிஷின் மேல் அவருக்கு ஆசை வந்திருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். "நாளைக்கிக் காலைல லாரியக் கொண்டாரச் சொல்லுங்க. என்ன மிஷினா இருந்தா என்ன, அளவு வரணும்ல" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். அருஞ்சுனை பேசிக்கொண்டே பின்னால் போனார்.

பீர் மைதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மிதப்பில் மைக்ரோமீட்டரைப் பிளானலில் சுற்றி, கட்டியின் மேல் வைத்து, இரண்டையும் தூக்கி லிங்கத்தின் மேஜை மூலையில் வைத்தார். பதினாலு வருஷமாக முடிந்த வேலையை அந்த மூலையில்தான் வைப்பார். வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். லிங்கம் வரட்டும், வந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து, 'நெலச்சிருச்சுலே ஒன் வேலை, போலே' என்று சொல்ல வேண்டும். அவன் என்ன திட்டுத் திட்டினாலும் சரி.

அஞ்சு மணி வரைக்கும் லிங்கம் வரவில்லை. ரேஷன் கடை வரிசை கோயில் தேர்முட்டியைத் தாண்டி நிற்கிறதாம். பரளச்சி பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் நடைதான். வேறு யாரிடமும் சொல்லி அனுப்ப அவருக்குப் பிடிக்கவில்லை. தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஒரு ராத்திரிதானே என்று ஏறிவிட்டார். அன்றைக்குப் பக்கத்து ஆள் மூக்கை உறிஞ்சியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். வாசலில் லாரி நின்றது. அருஞ்சுனை படியில் கால் வைத்துப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். திம்மையா வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நின்றார். பீர் மைதீன் கொல்லையை எட்டிப் பார்த்தபோது லிங்கம் கிணற்றின் மேல் குனிந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

மூலையில் வைப்பதையெல்லாம் லிங்கம் கிணற்றில் இறக்கிவிடுவான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 'அடப் பாவி, நானே வச்சேனே' என்று வாய்விட்டே சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

"என்னலே இழுக்குற?" என்று கேட்டார் திம்மையா.

"நேத்து முடிஞ்ச வேலைங்க முதலாளி. மூலைல இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் வந்து எறக்கி வச்சிருந்தேன்."

"அதத்தான் நேத்தே அளந்தாச்சே. அளவு வரல. மிஷினு போகுது."

லிங்கம் கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்தான். மிஷின் போகிறது என்பது அவன் காதில் ஏறவில்லை. அளந்தாச்சு என்பது மட்டும்தான் ஏறியது. "நேத்து எப்பங்க அளந்தாக? வேலை முடிஞ்ச சூட்டோடயா? அது எப்படிங்க சரியா வரும்? கெணத்துல ஆறப்போட்டுக் காலைல எடுத்துத்தானே எப்பவும் அளப்போம். சூட்டுல இரும்பு வீங்கிக்கிருமே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே விளங்கியது. வாளி பாதிக் கிணற்றில் ஆடியது.

அருஞ்சுனை பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அப்படிச் சொல்லுய்யா! நேத்து நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல, நாலு வராதுன்னு. தூக்கு, தூக்கு. இப்ப அளங்க."

திம்மையா பீர் மைதீனைப் பார்த்தார். லிங்கமும் பார்த்தான். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

வாளி மேலே வந்தது. பீர் மைதீன் பிளானலைப் பிரித்தார். கட்டியும் மைக்ரோமீட்டரும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. கிணற்றுச் சுவரில் வைத்து அளந்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று காட்டியது. எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றுதான்.

"நாலு" என்றார். "நேத்து மாதிரியேதான் இருக்கு."

"குடுங்க பாப்போம்" என்று அருஞ்சுனை கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவர் திருகு கலையாமல் மைக்ரோமீட்டரை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசித்துக் காட்டுவதற்குத் தோதாகத் திம்மையாவின் பக்கம் திரும்பினார்.

"ஒன்னு. நீங்களே எண்ணுங்க முதலாளி, இந்தா, ஒரே கோடு."

திம்மையா எண்ணிப் பார்த்தார். வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்தார்.

"பதினாலு வருசமா சொன்னதெல்லாம் இந்த மாதிரி அளவுதானா பாய்?"

பீர் மைதீனுக்கு அழுகை வந்துவிட்டது. பதினாலு வருஷத்தில் அவர் சொன்ன ஒரு கோடு தப்பியதில்லை. அதை இனி யாரிடம் நிரூபிப்பது? நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களையும் போகச் சொல்லணும். அளக்கத் தெரிஞ்ச ஆளு வேற இல்லாமப் போச்சு, அதுனால தப்பிச்சீக" என்றார் திம்மையா. மைக்ரோமீட்டரைப் பிளானலோடு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இது இனிமே எம் பீரோவுல இருக்கும். வேணும்னா வந்து கேட்டு வாங்கிக்கிருங்க. எங்கண்ணுக்கு முன்னாலதான் அளக்கணும்."

லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

லிங்கத்துக்கு அன்றைக்கே கணக்குத் தீர்த்துவிட்டார்கள். தொட்டியிலிருந்த கரி எண்ணெயை இறைத்து வெளியே எடுப்பதுதான் அவனுடைய கடைசி வேலை. திம்மையா வந்து பார்த்துவிட்டு, "நேத்து வரிசைல நின்னியே, கெடச்சுச்சா?" என்றார்.

"இல்லீங்க. எனக்கு முன்னால நாப்பது பேரு நிக்கயில சரக்கு தீந்துருச்சுன்னுட்டாக."

"அப்ப இதுல ஒரு டின்னு புடிச்சுட்டுப் போ. வெறுங்கையா அனுப்புன மாதிரி இருக்கக் கூடாது."

லிங்கம் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தான். பீர் மைதீன் கூடவே வந்தார். ரெண்டு பேரும் வேகாத வெயிலில் நின்றார்கள்.

"எனக்காகவா பொய் சொன்னீக மாமா?"

மாமா என்று அவன் சொன்னதும் பீர் மைதீன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருந்தா நான் அதத் தொட்டிருப்பேனா?" என்றான் லிங்கம்.

"நீ எங்கலே பேச விட்ட?"

லிங்கம் டின்னை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் நடந்தான். டின்னின் அடியிலிருந்த சின்ன ஓட்டை வழியாக ஒரு கறுப்புச் சொட்டு அவன் பின்னால் பத்தடிக்கு ஒன்றாக விழுந்துகொண்டே போனது.

அதற்குப் பிறகு பட்டறையில் அச்சுப் பக்கம் ஒரே ஆள். லிங்கத்தின் மேஜையை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி வைத்தார்கள். பீர் மைதீன் காலையில் உட்கார்ந்தால் மூன்று மணிவரை பொறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் தானே கட்டியைச் சுற்றித் தானே கிணற்றில் இறக்குவார். கயிறு அவர் கைக்கு வசப்படவில்லை. வாளி சுவரில் மோதி மோதி இறங்கும். காலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பீரோ திறக்க முதலாளி வரும்வரை கிணற்றடியில் காத்திருப்பார்.

ஏழாம் நாள் அப்படிக் காத்திருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ராமலட்சுமி. ஒரு கையில் டின், இன்னொரு கையில் காலி பாட்டிலும் ரேஷன் கார்டும். அவளைப் பார்த்து ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பீர் மைதீன் கிணற்றடியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார்.

"டின்னக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே. பட்டறையுதுல்ல."

சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய டின். அடி ஓட்டையை மெழுகு வைத்து அடைத்திருந்தாள்.

"அந்த எண்ணெ எரிஞ்சுச்சா தாயி?"

"எங்க எரியுது? திரியில கட்டி கட்டியா கரிதான் நிக்கிது. ரெண்டு நாளு ஏத்திப் பாத்தோம். செவரு பூராம் கரி, பிள்ளைக மூக்குக்குள்ள கரி. கீழ ஊத்திட்டோம்."

"லிங்கம் என்ன செய்றான்?"

"மல்லாங்கிணறு பக்கம் கெணறு வெட்டப் போறாக." டின்னை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க மதியம் என்னண்ணே சாப்புடுறீக?" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து திம்மையாவின் சத்தம் கேட்டது. "பாய், தொட்டிய நெரப்புங்க. கரண்டு வந்துருச்சு."

அன்றைக்கு விடியற்காலையில்தான் புதுப் பீப்பாய் வந்திருந்தது. பீர் மைதீன் கையில் இருந்தது அந்த டின்தான். அதைப் பீப்பாய்க் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தார். சுத்தமான மண்ணெண்ணெய், தண்ணீர் மாதிரித் தெளிவாக, கழுவிய டின்னில் விழுந்து நிறைந்தது. தூக்கித் தொட்டியில் ஊற்றினார். திம்மையா பீரோச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாவது டின்னை ஊற்றிவிட்டுப் பீர் மைதீன் வாசலைப் பார்த்தார். ராமலட்சுமி இன்னும் போகவில்லை. காலி பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, டின்னிலிருந்து தொட்டிக்குள் விழுகிற எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேஷன் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"மட்டம் வரலயே பாய்" என்றார் திம்மையா. "ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க."

பீர் மைதீன் நாலாவது டின்னைக் குழாய்க்கு அடியில் வைத்தார்.